நாலாம் நம்பர் பொட்டி

27-4-99, செவ்வாய்

நேற்றுக் காலை ஆபீசில் மூன்று கம்ப்யூட்டர்கள் எழுந்திருக்கவே இல்லை. சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை. ஏப்ரல் 26-க்கென்றே நேரம் குறித்து வந்த வைரஸாம், இன்று பேப்பரில் போட்டிருக்கிறான். நம் மில்லுக்குள் எப்படி வந்தது? யாரோ கொண்டுவந்த ஃப்ளாப்பியா, இன்டர்நெட்டா? தெரியவில்லை. திட்டு மட்டும் வழி தெரிந்து நேராக என்னிடம் வந்துவிட்டது.

முதலாளி உட்காரச் சொல்லவில்லை. “ஏம்மா வேதமணி, மில் கேட்ல வாட்ச்மேன் நிக்கான்ல? உள்ள வாரவன், வெளிய போறவன் எல்லாரையும் தடவிப் பாத்துத்தான விடுதான்? கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒருத்தன நிப்பாட்டு” என்றார். பேண்டேஜ் துணி நெய்து ஜெர்மனி வரைக்கும் அனுப்புகிறவர். கம்ப்யூட்டர் அவருக்கு இன்னொரு தறி, அவ்வளவுதான். ஆனாலும் அவர் கேட்டது சரியான சாமான்தான். அதற்குப் பெயர் ப்ராக்ஸி.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்து சேர ஏழரை. என் வீட்டுக்காரர் வில்சன் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு வடித்து வைத்திருந்தார். சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் படுத்துவிட்டேன்.

12-5-99, புதன்

ப்ராக்ஸி நின்றுவிட்டது. என் அறையில் அதற்கென்று தனி மெஷின். மோடமும் டெலிபோன் லைனும் அதற்கு மட்டும். ஹாலில் ஆறு மேஜைகளில் இருப்பவர்கள் இன்டர்நெட்டில் ஒன்று பார்க்க வேண்டுமென்றால், அவர்கள் கம்ப்யூட்டர் இதனிடம் கேட்கும். இது வெளியே போய் வாங்கி, சோதித்துக் கொடுக்கும். ஆகாது என்று நான் எழுதி வைத்த இடங்களுக்குப் போகாது. எந்தக் கம்ப்யூட்டர் எத்தனை மணிக்கு எங்கே போனது என்பதும் இதில் பதிவாகிவிடும். அங்கே போய் என்ன எழுதினார்கள் என்பது தெரியாது. போன இடம் மட்டும்தான்.

இனி யாருடைய ஃபைலும் அவரவர் மேஜையில் கிடையாது. எல்லாவற்றையும் சர்வரில் ஏற்றிவிட்டேன். இன்னொரு வைரஸ் வந்தால் பொட்டி போகும், கணக்கு போகாது. மேஜையில் இருப்பவை இனி ஆறு வெறும் பொட்டிகள். எதில் உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

அட்டெண்டர் இருளப்பசாமி என் அறை மெஷினுக்கு ‘வாட்ச்மேன்’ என்று பெயர் வைத்துவிட்டார். காலையில் வந்ததும் அதற்கு ஒரு சலாம் வேறு.

19-5-99, புதன்

ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன். யார் போகிறார்கள் என்று பெயரோடு பதிவாகட்டும் என்று. ரெண்டே நாள். ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்டு ஓடுகிறது, கேஷ் பார்க்கிற நேசையன் அண்ணாச்சியுடையது. கேட்டால், “அதுதான் சின்னதா இருக்கு மேடம்” என்கிறார்கள். அண்ணாச்சி அதை ஒரு துண்டுத்தாளில் எழுதித் தன் மானிட்டரிலேயே ஒட்டியிருக்கிறார், மற்றவர்கள் வந்து கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாதாம்!

சிரிப்பதா, அழுவதா. விட்டுவிட்டேன். பாஸ்வேர்டே வேண்டாம். ஒவ்வொரு பொட்டிக்குள்ளும் ஒரு நம்பரைப் பதித்து, ப்ராக்ஸி அந்த நம்பரைக் குறித்துக்கொள்ளும்படி செய்துவிட்டேன். மானிட்டர் நெற்றியில் 1 முதல் 6 வரை ஸ்டிக்கர். மனிதனை நம்புவதற்கு மேஜையை நம்பலாம்.

9-6-99

கரண்ட் போனது. வந்தது. போனது. எழுத ஒன்றுமில்லை.

2-7-99, வெள்ளி

சாயங்கால பஸ்ஸில் நிற்க இடமில்லை. நல்ல வேளை, ஹமீது முன்னாலேயே ஏறிச் சன்னல் சீட்டில் பையைப் போட்டு வைத்திருந்தான். எக்ஸ்போர்ட் கடிதங்கள் டைப் செய்கிற பையன், நான்காம் நம்பர் மேஜை, நம்ம ஊர்தான். தினமும் எனக்கு ஒரு சீட். “உக்காருங்கக்கா, ஒங்க முகமே சரியில்ல” என்றான். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். ஊர் வந்ததும் எழுப்பினான்.

அவனுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. ராஜபாளையம் பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜமால் முகமது மகள், சௌதா. நோன்புப் பெருநாள் கழித்து நிக்காஹ். சொல்லும்போது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்.

15-10-99, வெள்ளி

திங்கள் ஆயுத பூஜை. இந்த வருஷம் ஆபீஸ் தரையைக் குழாய் போட்டுக் கழுவப் போகிறார்களாம். பொட்டிகளையும் தூக்கிப் படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கணுமாம். “தண்ணி மட்டும் படாம பாத்துக்கோங்க, திருப்பி வைக்கும்போது நம்பர் பாத்து வைங்க” என்று இருளப்பசாமியிடம் சொன்னேன். “நான் பாத்துக்கிடுதேன் மேடம், நீங்க நிம்மதியா போங்க” என்றார்.

பூஜைக்கு நாங்கள் மூன்று பேர் எப்போதும் லீவுதான். நேசையன் அண்ணாச்சியும் நானும் ஒரே சர்ச். ஹமீதும் வருவதில்லை. செவ்வாயும் சேர்த்துப் போட்டுவிட்டேன். ரெண்டு நாள் தூங்கணும்.

20-10-99, புதன்

போனேன். எல்லாம் அதனதன் இடத்தில், பொட்டோடு இருக்கின்றன. பொரி மணம்.

ஹமீது என் அறைக்கு வந்து, “அக்கா, என் பொட்டில ஃப்ளாப்பி இப்ப நல்லா எறங்குது, பூஜை போட்டதும் சரியாப் போச்சு” என்று சிரித்தான். அவன் பொட்டியில் ஃப்ளாப்பி பாதியில் சிக்கும், பென்சிலால் குத்தித்தான் எடுக்க வேண்டும். மூன்று மாதமாக மதுரையிலிருந்து மாற்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். தானாகச் சரியாகிவிட்டதா? போகட்டும். ஒரு வேலை குறைந்தது.

3-11-99, புதன்

ஜெர்மனி ஆர்டர் போய்விட்டது. பக்கத்து மில்காரன் நம் ரேட்டுக்குக் கொஞ்சமே கீழே கொடுத்து வாங்கிவிட்டானாம். முதலாளி தன் தம்பியிடம் போனில் தெலுங்கில் கத்தினார், ஹால் முழுக்கக் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“நம்ம ரேட்டு எப்படி வெளிய போச்சு? ஒன் வாட்ச்மேன் எழுதி வச்சிருப்பான்ல? இந்த ரெண்டு வாரத்துல எவன் வெளிய கடுதாசி போடுதான்னு எடுத்துக் குடு.”

4-11-99, வியாழன்

எடுத்துக் கொடுத்தேன்.

இலவச மெயில் கொடுக்கும் ஒரு இடத்துக்கு, வேலை நேரம் முடிந்து, அநேகமாகத் தினமும் ஒரு பொட்டி போயிருக்கிறது. நான்காம் நம்பர். சொந்த மெயில் பார்க்கக் கூடாது என்று ஹாலில் நானே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன். அவன் படிக்காமலா இருப்பான்? பஸ் வரும்வரை ஏதோ டைப் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பான், நானே பார்த்திருக்கிறேன்.

முதலாளி தாளைப் பார்த்தார். “அந்தப் பையனா. ம்” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. நானும் வேறெதுவும் சொல்லவில்லை.

9-11-99, செவ்வாய்

தீபாவளி முடிந்து இன்றுதான் ஆபீஸ். வந்ததும் ஹமீதை உள்ளே கூப்பிட்டார்கள். என்னையும்.

“இல்ல முதலாளி, சத்தியமா நான் இல்ல” என்றான். என் பக்கம் திரும்பி, “அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்” என்றான். நான் சொன்னேன் — “பதிவுல இருக்கு தம்பி. மெஷின் பொய் சொல்லாது.”

அவன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மதியச் சோறு உள்ளேயே இருந்திருக்கும். எதற்காக அனுப்பினார்கள் என்று ஹாலில் யாருக்கும் சொல்லவில்லை. ரேட்டை விற்றுவிட்டான் என்று தாங்களாகவே பேசிக்கொள்கிறார்கள்.

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

10-11-99

கால் வலி.

22-11-99, திங்கள்

வில்சன் சந்தையில் ஹமீதின் அம்மா ஹாஜராவைப் பார்த்தாராம். ஜமால் முகமது நிக்காஹை நிறுத்தி வைத்துவிட்டார். திருட்டுப் பட்டம் வாங்கினவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்கிறாராம். மார்க்கம் படித்த பெரியவர்கள் ரெண்டு பேர் போய்ப் பேசியும் கேட்கவில்லை.

“அந்தம்மா ஒன்னத்தான் கேட்டாவ. அக்கா அக்காம்பானே, அவிய பாத்துக்கிட்டுத்தான இருந்தாவன்னு” என்றார் வில்சன். நான் என்ன செய்ய? செய்தவன் அனுபவிக்கிறான். பதிவைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்படித்தானே?

1-12-99, புதன்

பையைக்கூடக் கீழே வைக்காமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மாதம் பிறந்தால் பழைய பதிவுகளைத் தனியாக எடுத்து வைப்பது வழக்கம். எடுக்கும்போது கண்ணில் பட்டது. நேற்றுச் சாயங்காலம், நான்காம் நம்பர், அதே மெயில். அதற்கு முந்திய நாளும். போன வாரமும்.

ஹமீது போய் மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. அவன் மேஜையில் ஆள் போடவில்லை. கம்ப்யூட்டருக்கு உறை மாட்டி, அதன் மேல் தூசி.

முதலில் வெளியாள் எவனோ போன் லைன் வழியாக நம் ப்ராக்ஸிக்குள் புகுந்துவிட்டான் என்றே நினைத்தேன். ஹமீது மேஜையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பதிவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணி அடித்து எல்லாரும் போனார்கள். செத்த நேரம் ஒன்றுமில்லை. பிறகு வந்தது — 4.

எழுந்து போய் ஹாலைப் பார்த்தேன். ஒரே ஒரு லைட். அதன் கீழே நேசையன் அண்ணாச்சி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு விரலால் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் நம்பர் மேஜை.

என்னைப் பார்க்கவில்லை. நான் பேசாமல் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

2-12-99, வியாழன்

அண்ணாச்சி பேங்குக்குப் போன நேரத்தில் ஒரு ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு போய் அவர் பொட்டியில் போட்டேன். பாதியில் சிக்கியது. பென்சிலால் குத்தி எடுத்தேன். அவர் ஃப்ளாப்பியே போடுவதில்லை, அதனால் அவருக்குத் தெரியவில்லை.

இருளப்பசாமியைக் கேட்டேன். “நம்பர் பாத்துத்தான மேடம் வச்சேன்! டி.வி. மாதிரி இருக்குல்ல, அதுல நீங்க ஒட்டுன நம்பர் இருந்துச்சு, அந்தந்த மேசைல கரெக்டா வச்சேன். கீழ உள்ள பொட்டில ஏது நம்பர்? எல்லாம் ஒண்ணு போலதான இருக்கு?” என்றார். முகம் விழுந்துவிட்டது. “தப்பாப் போச்சா மேடம்?”

இல்லை என்றேன். அவர் மேல் என்ன தப்பு? நம்பரைப் பொட்டிக்குள் பதித்துவிட்டு ஸ்டிக்கரை மானிட்டரில் ஒட்டியது யார்? நான். எந்தப் பொட்டியும் எந்த மேஜைக்கும் ஆகும்படி செய்ததும் நான். பழைய பதிவையும் பிரித்துப் பார்த்தேன். பூஜைக்கு முன்னால் அந்த மெயிலுக்குப் போனது இரண்டாம் நம்பர். பூஜைக்குப் பிறகு நான்கு. அண்ணாச்சி பொட்டியும் ஹமீது பொட்டியும் மேஜை மாறிவிட்டன. முதலாளி ரெண்டு வாரத்துக்குக் கேட்டார், ரெண்டு வாரத்துக்குத்தான் எடுத்தேன். இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பூஜை போட்டதும் சரியாப் போச்சுன்னு சிரிச்சானே. வந்து சொன்னானே.

3-12-99, வெள்ளி

மணி அடித்ததும் அண்ணாச்சியிடம் போய் உட்கார்ந்தேன். அவர் திரையை மறைக்கப் பார்த்தார். மறைக்கத் தெரியவில்லை.

அவர் மனைவி ஏசம்மாள் அக்காவுக்கு மார்பில் கட்டி. ஆறு மாதமாகிறதாம். அது அந்த நோய்தானாம். சர்ச்சில் ஒரு பிள்ளைக்கும் தெரியக் கூடாது என்று அக்கா கையடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிற மகள் அங்கே டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறாள், எந்த மருந்து, எந்த ஆஸ்பத்திரி என்று. லீவுக்கு வந்தபோது அவள்தான் மெயில் போடக் கற்றுக்கொடுத்தாளாம். வீட்டில் போனில் பேசினால் அக்கா காதில் விழும், அழுவார்கள். அதனால் இங்கே.

“நோட்டீஸ் போட்ட பொறவும் செய்தது தப்புதான் வேதமணி. எனக்கு வேற போக்கிடம் இல்ல” என்றார்.

நான் பொட்டி மாறிய கதையைச் சொன்னேன். அவருக்கு விளங்கச் செத்த நேரம் ஆனது. விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “ரேட்ட வித்துட்டான்னுல்ல எல்லாரும் சொன்னாவ. நானும் ஆமாம்னேன். அவன் அனுபவிக்கது என் வெனையா?”

முதலாளியிடம் சொல்லணும் என்றேன். கிறிஸ்மஸ் முடியட்டும் என்றார். அக்காவுக்கு அடுத்த வாரம் ஆஸ்பத்திரி, இப்போது வேலை போனால்... என்று நிறுத்திக்கொண்டார்.

“அங்க ஒரு நிக்காஹ் நிக்கி அண்ணாச்சி.”

அவர் கம்ப்யூட்டரை அணைத்தார். நானும் எழுந்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை நானே போய்ச் சொல்வது. அண்ணாச்சி பெயர் இல்லாமல் எப்படிச் சொல்வது? ‘அவன் இல்லையென்றால் வேறு யார்’ என்றுதானே முதலில் கேட்பார்? சொன்னால் ஏசம்மாள் அக்கா மூடி வைத்தது சந்திக்கு வரும். சொல்லாவிட்டால் ஹமீது. ரெண்டு பேரும் என்னை நம்பின ஆட்கள். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது.

6-12-99, திங்கள்

சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அண்ணாச்சி எனக்கு முன்னால் போய்விட்டார். முதலாளி எதிரில் உட்கார்ந்திருந்தார், கையில் காபி டம்ளர். எல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

“முப்பது வருசமா இருக்கீரு, நேசையன். மொதல்லயே எங்கிட்டச் சொன்னா நானே லைனக் குடுத்திருப்பேனே! இதுக்குப் போயி ஒளிச்சு மறைச்சு” என்று முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலைக்கு ஒன்றும் வராது, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள்ளலாம். யாரிடமும் மூச்சு விடமாட்டாராம்.

நான் நின்றுகொண்டே, “ஹமீது, முதலாளி?” என்றேன்.

“அவனா? வந்தா வரட்டும். நாம என்ன வேண்டாம்னா சொன்னோம்?”

அப்புறம், “ஒன் வாட்ச்மேனுக்குக் கண்ணு தெரியாது போல வேதமணி” என்று சிரித்தார். அதே தப்புதான், அதே மெயில்தான். ஒருவருக்குக் காபி, ஒருவனுக்குக் கேட். எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது, அந்த டம்ளரைத் தட்டிவிடலாம் போல.

வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. முதலாளியைச் சொல்கிறேனே, நான்? அன்றைக்கு அந்தத் தாளில் 2 என்று வந்திருந்தால் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருப்பேனா? நேசையன் அண்ணாச்சியா, இருக்காதே என்று பொட்டியைத் திறந்து பார்த்திருப்பேன். முதலில் அவரிடம் போய்க் கேட்டிருப்பேன். ஹமீது என்றதும் இருக்கும் என்று தோன்றிவிட்டது. ஏன் தோன்றியது? ஒரு நாள்கூட அவன் எனக்கு ஒரு கெடுதல் செய்ததில்லை. ஏன் தோன்றியது எனக்கு?

மெஷின் பொய் சொல்லாதாம். நாந்தான சொன்னேன்.

8-12-99, புதன்

அண்ணாச்சியும் நானும் ஜமால் முகமதுவின் பாத்திரக்கடைக்குப் போனோம். கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றோம். அண்ணாச்சி அத்தனையும் சொன்னார், ஏசம்மாள் அக்காவின் நோய் உட்பட. அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தாராம். “அந்தப் பிள்ள கல்யாணத்துக்குன்னா சொல்லிக்கோங்கன்னுட்டா” என்றார்.

ஜமால் முகமது பாய் கொஞ்ச நேரம் ஒரு குடத்தை வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தார். “இதத்தான் அந்தப் பையனும் வந்து சொன்னான், நான் இல்ல மாமான்னு. நம்பல நான். நீங்க ஆபீஸ்காரங்க வந்து சொல்லவும் நம்புதேன். எனக்கே வெக்கமா இருக்கு” என்றார். பேசினபடி நிக்காஹ் நடக்கும் என்றார். டீ வாங்கித் தந்தார். குடித்தோம்.

11-12-99, சனி

ஹமீது வீட்டுக்குப் போனேன். நோன்பு ஆரம்பித்துவிட்டது. அவன் வீட்டில் இல்லை என்றார்கள் அவன் அம்மா. வாசலில் அவன் செருப்பு கிடந்தது. “மில்லுக்கு இனிமே வரலையாம்மா. வேற எடம் பாத்துக்கிட்டான்” என்றார்கள். முகத்தில் கோபம் இல்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

14-12-99

ஆறு பொட்டியிலும் நம்பர் எழுதிவிட்டேன். பெயின்டில்.

21-12-99, செவ்வாய்

ஏசம்மாள் அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்தது. முதலாளி அண்ணாச்சிக்கு லைனைத் தாராளமாகத் திறந்துவிடச் சொன்னார். அண்ணாச்சி அந்தப் பொட்டிப் பக்கமே போவதில்லை. மஸ்கட்டுக்கு நீலத் தாளில் எழுதி ஸ்டாம்பு ஒட்டுகிறார்.

31-12-99, வெள்ளி

ரெண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் தேதி தெரியாமல் நின்றுவிடும் என்று ஊரே பயமுறுத்துகிறது. முதலாளி பத்துத் தடவை கேட்டுவிட்டார். எல்லாவற்றையும் சரிபார்த்து, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பினேன். நிற்பதென்றால் நிற்கட்டும்.

பஸ்ஸில் ஏறினால், ஹமீது. சன்னல் ஓரம், பக்கத்து சீட்டில் பை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக இன்டர்நெட் வைத்திருக்கிற ஜெராக்ஸ் கடையில் இருக்கிறானாம், வில்சன் சொல்லியிருந்தார். நோன்பு திறந்துவிட்டு வந்திருப்பான், கையில் தண்ணீர் பாட்டில்.

என்னைப் பார்த்தான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டுப் போகும்வரை நின்றேன். பிறகு அவன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். உட்கார்ந்தேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நாலு வாரமாக வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. “தம்பி” என்று மட்டும் வந்தது. அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊர் வந்துவிட்டது. இறங்குவதற்கு எழுந்தவன், என்னைப் பார்க்காமல், மெதுவாகத்தான் கேட்டான். “ஃப்ளாப்பி சரியாப் போச்சுன்னு நான் அன்னைக்கே வந்து சொன்னேன்லக்கா?”

சொன்னான்.